ஆற்றுச் சுவர்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. இவருக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார், இவர்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். தனியாக இருக்கும்போது அடுப்படி வரைக்கும் விறுவிறுவென்று நடக்கிறார். என்னைப் பார்த்ததும் நொண்டுகிறார்.

ஃபோனில் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, எனக்கோ பாதியில் அழுகை வந்துவிடுகிறது. அதனால் இனிமேல் கடிதமே போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் ஊர்க் கொக்கு, அதுதான் அண்ணனின் நெட்டைக்கால் சிநேகிதர், எழுதியிருந்தார். வாரா வாரம் அண்ணனை மலைக்கு இழுத்துப் போனதற்கு இப்போது பிராயச்சித்தம் செய்கிறார் போல. அண்ணன் போய் நவம்பரில் வருஷம் திரும்பும்போது சின்னதாக ஒரு நினைவுப் புத்தகம் போடப் போகிறாராம். அண்ணனோடு நடந்தவர்கள், ஆபீசில் அவனோடு வரைபடம் வரைந்தவர்கள், எல்லாரும் எழுதுகிறார்கள். கடைசிப் பக்கம் எனக்கு. சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பொத்தான் இழுத்துப் பார்க்கிறவளுக்கு எழுத என்ன வரும்? ஆனால் அவனைப் பற்றி வேறு யார் எழுதினாலும் எனக்குப் பொறுக்காது.

அண்ணி, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம். அவன் எட்டு மாதம் படுத்திருந்தான், நான் வரவில்லை. இவர் மாடிப்படியில் விழாமல் இருந்திருந்தால் வந்திருப்பேன். அதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை. அப்போதெல்லாம் அந்த அறையை நினைத்துக்கொள்வேன். வீட்டுக்குள் கால் தரிக்காதவன், கடைசியில் தன் மலையையும் ஆற்றையும் நாலு சுவரிலும் வரைந்து வைத்துக்கொண்டுதானே படுத்திருந்தான் என்று. அந்த ஒன்றுதான் என்னைத் தூங்க விடுகிறது.

புத்தகத்துக்கு ஆற்றுச் சுவரின் போட்டோ வேண்டும். அதில் அவன் பின்னால் சிவப்புப் பாவாடையோடு ஓடுகிற சின்னப் பெண் நான் என்பது உலகத்துக்குத் தெரியட்டும்.

இன்னொன்று. கடைசியில் அவன் என்னைக் கேட்டானா? கேட்டிருந்தால் என்ன சொல்லிக் கேட்டான் என்று எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாலு


மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, அதாவது வலிக்கிறது. உன் வீட்டுக்காரரை நன்றாக நொண்டவிடு. பார்க்க ஆள் இருக்கும்போது நொண்டுவதில் ஒரு சுகம் உண்டு.

மருந்துக்கடை வேலைக்கு மறுபடி போகிறேன், காலையில் மட்டும். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் எனக்குக் காது மந்தம் என்று வருகிறவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து மூல வியாதியைக் கத்திச் சொல்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி ஒழுகியதைச் சரி செய்தாயிற்று.

கொக்கு வந்திருந்தார். தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உன் அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார். பால் வாங்கப் போன கதையைச் சொன்னேன். கல்யாணமான புதிது. "பால் வாங்கிட்டு வந்துடறேன், டீத்தண்ணிய அடுப்புல வை"ன்னு சொல்லிவிட்டுப் போனவர், பொழுது சாய்ந்துதான் வந்தார். காலெல்லாம் சேறு. கையில் ஒரு நாரையின் படம். பால் எங்கே என்று கேட்டால், "எந்தப் பால்?" என்று கேட்டார். நாரை அழகாகத்தான் இருந்தது. டீத்தண்ணீர் சுண்டிப் பாத்திரம் அடிப்பிடித்துவிட்டது.

இதை வேண்டுமானால் உன் பெயரில் போட்டுக்கொள்.

போட்டோவுக்கு அந்த அறையில் வெளிச்சம் போதாது. பார்க்கலாம்.

வெயில் ஏறுகிறது, நிறையத் தண்ணீர் குடி.

உன் அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். பால் கதையைப் படித்துவிட்டுத் தொழிற்சாலையிலேயே சிரித்தேன். சூப்பர்வைசர் என்னவென்று கேட்டார். அண்ணன் என்றேன். அவர் பாவம், அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நானும் எழுதத் தொடங்கிவிட்டேன். எனக்கு ஏழோ எட்டோ வயது. ஆற்றில் மிதக்கச் சொல்லிக் கொடுத்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, "கயிறு இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இரு, முழுக மாட்ட"ன்னு சொன்னான். நான் மல்லாந்து மிதந்தேன். மேலே வானம் மட்டும். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவன் கயிற்றை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்து என்னைப் படம் வரைந்துகொண்டிருக்கிறான். அம்மா அன்றைக்கு அவனை விளக்குமாற்றால் அடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே அடி வாங்கினான்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் நாலு பக்கம் ஆகும் போலிருக்கிறது. கொக்கு ஒரு பக்கம்தான் தருவாராம், கஞ்சன்.

வெளிச்சம் போதாது என்று எழுதியிருந்தீர்கள். காலையில் அந்த அறையில் நல்ல வெளிச்சம் வருமே? நான் வந்திருந்தபோது வெயில் முகத்தில் அடித்துத்தானே எழுந்தேன். கொக்கு நல்ல கேமரா வைத்திருக்கிறார், அவரையே வந்து எடுக்கச் சொல்கிறேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

உங்கள் வாலு


மே 5

அன்புள்ள வாலுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் வந்து போனது, இப்போது தேவலை. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் எப்படி இருக்கிறது?

கொக்கு கேமராவோடு வந்தார். அறையில் சாமான்களை அடைத்து வைத்திருக்கிறேன், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனிதர் முகம் தொங்கிவிட்டது.

நினைவுப் புத்தகத்துக்கு நானும் எழுத வேண்டுமாம். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. நீங்கள் எல்லாரும் அவரை வெளியில் பார்த்தவர்கள். நான் வீட்டுக்குள் பார்த்தவள். வீட்டுக்குள் அவர் பாதி மனிதர். மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் கூண்டில் போட்ட மாதிரி சுற்றிச் சுற்றி வருவார். சுவரில் வரையத் தொடங்கியதே அப்படித்தான். ஒரு மழையில் நான் சொன்னேன், "இப்படி நடந்து நடந்து என் தலைய சுத்த வைக்காதீங்க, எங்கயாச்சும் உக்காந்து எதையாச்சும் வரைங்க." பேப்பர் தீர்ந்து போயிருந்தது. சுவரில் ஆரம்பித்துவிட்டார். ஒரு மழைக்காலத்துக்கு ஒரு சுவர். ஊர் வந்து பார்த்து, மனைவிக்காகப் புருஷன் வீட்டுக்குள்ளேயே மலையைக் கொண்டுவந்து வைத்தார் என்று பேசிக்கொண்டது. எனக்காக இல்லை. மழைக்காக.

நான் அவரோடு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். செருப்பு கடித்துக் காலில் கொப்புளம். "இங்க உக்காரு, வந்துடறேன்"ன்னு ஒரு பாறையைக் காட்டிவிட்டுப் போனார். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே இருந்தேன். கூட ஒருத்தி வந்ததே அவருக்கு மறந்து போய், வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டார். கொக்குதான் தேடி வந்து கூட்டிப் போனார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது வாலு. செத்துப் போனவர் என்பதற்காக அதை இல்லை என்று எழுத எனக்கு வரவில்லை. புத்தகத்தில் இதைப் போட முடியாது, அதனால் நான் எழுதவில்லை என்று கொக்கிடம் சொல்லிவிடு.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் அண்ணி


மே 22

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு மருந்து சாப்பிடாமல் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. கோபம் இருந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொக்கு வேறு எழுதியிருக்கிறார். நீங்கள் யாரையும் அந்த அறைப் பக்கமே விடுவதில்லையாம். கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது உள்ளே ஒரே வெள்ளையாகத் தெரிந்ததாம். தன் கண்ணில் புரை இருக்கிறது, அதனால் இருக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்.

நான் எழுதியதன் கடைசி வரி இதுதான்: "கடைசி நாட்களில் அவன் தன் மலைகளுக்கு நடுவே, தன் ஆற்றங்கரையில் படுத்திருந்தான்." இதை எழுதத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்.

அண்ணி, பூசி மெழுகாமல் சொல்லுங்கள். அந்தச் சுவர்கள் இருக்கின்றனவா?

வாலு


ஜூன் 10

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி, தொழிற்சாலைக்கு எடுத்துப் போகாதே.

சுவர்கள் இருக்கின்றன. படங்கள் இல்லை. நாலு சுவரும் வெள்ளை. அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் சொல்லித்தான் அடித்தேன்.

முதலில் கொக்கும் இன்னும் மூன்று பேரும் அவரை நாற்காலியோடு தூக்கி வாசலில் உட்கார வைத்தார்கள். இரண்டு தடவை. இரண்டாவது தடவை வலியில் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். முதுகெலும்பில் வந்த வியாதி, இனி அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் பார்க்க மாட்டேன் என்றார். கொக்கு வந்து வாசலோடு திரும்பிப் போனார்.

நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன். போகட்டும், சுற்றிலும் அவர் வரைந்தது இருக்கிறதே என்று. கட்டிலைக்கூட ஆற்றுச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். ஒரு வாரம் போனது. அப்புறம் ஒரு நாள் அவருக்கு நான் முகம் துடைத்துவிடும்போது சொன்னார்.

"இதை அழிச்சுடு."

"எதை?"

"எல்லாத்தையும். அங்க பாரு, எப்பப் பார்த்தாலும் விடியற்காலை. இந்தப் பக்கம் எப்பவும் சாயங்காலம். வெளிச்சம் நகரவே மாட்டேங்குது. செத்த எடத்துல படுத்திருக்க மாதிரி இருக்கு."

நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் வரைந்ததை அழிக்கிறதாவது என்று சண்டை போட்டேன். அழுதார் வாலு. நீ அவர் அழுது பார்த்திருக்க மாட்டாய், நானும் அதுவரை பார்த்ததில்லை. தினமும் கேட்டார். கண்ணை மூடிக்கொள்ளலாமே என்று நான் ஒரு தடவை எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு மூடிக்கொண்டே கிடந்தார், பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டேன்.

மலைச் சுவரையும் பாறைச் சுவரையும் புல்வெளியையும் அடித்த பிறகு, ஆற்றுச் சுவரை மட்டும் விட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். "உங்க தங்கச்சி இருக்கா அதுல"ன்னு சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவளை எதுக்கு இங்க என்கூட அடைச்சு வைக்கணும்? போகட்டும் விடு." பெயிண்டர் அதையும் அடித்தார். அவருக்கே கை வரவில்லை. சின்னப் பெண்ணின் மேல் கடைசியாகத்தான் பிரஷ் வைத்தார்.

வெள்ளை காய்ந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மரத்தின் நிழல் சுவரில் விழுந்தது. முன்பும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும், படங்களுக்கு நடுவில் யாருக்குத் தெரிந்தது? காலையில் ஒரு சுவரில், மத்தியானம் தரையில், சாயங்காலம் மறு சுவரில். காற்றடித்தால் ஆடும். பறவை வந்து உட்கார்ந்தால் கிளை தாழும். அவர் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பதான் சரியா இருக்கு" என்றார். வலி குறையவில்லை, கோபமும் குறையவில்லை, என்னைத் திட்டுவதும் குறையவில்லை. சும்மா சந்தோஷமாகப் போனார் என்று உனக்கு நான் கதை கட்டப் போவதில்லை. ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

உனக்குச் சொல்லக் கூடாது என்றார். "அவ அங்க உக்காந்து அழுவா." அவர் போன பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சுவர்கள்தான் உன்னைத் தூங்க விடுகின்றன என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். அப்புறம் எனக்குப் பேனா நகரவில்லை.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன்.

என்னால் நம்ப முடியவில்லை. வலியில் ஒரு மனுஷன் ஆயிரம் சொல்வான். என்னைக் கொன்றுவிடு என்றுகூடச் சொல்லியிருப்பான். சொன்னால் செய்துவிடுவீர்களா? ஒரு துணியைக் கட்டி மறைத்திருக்கலாம். ஒரு சுவரையாவது விட்டிருக்கலாம். அந்தப் படங்கள் இருந்த வரைக்கும் அவன் உங்களை விட்டுவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் உங்கள் கண் முன்னால் இருந்திருக்கும். அவன் மேல் கோபம் இருந்தது என்று நீங்களே எழுதினீர்கள். நான் வேறு என்ன நினைப்பது?

கொக்கிடம் என் பக்கத்தை அப்படியே அச்சுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு எழுத்தும் மாறாது.

வாலு


ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலுக்கு,

நலமா? உன் வீட்டுக்காரர் இப்போது நன்றாக நடக்கிறாரா? நீ என்னைத் திட்டி எழுதியதைவிட, திட்டும் அவசரத்தில் உடம்பு எப்படி என்று கேட்காமல் விட்டதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே நானாகவே சொல்லிக்கொள்கிறேன், முழங்கால் பரவாயில்லை.

பெயிண்டரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள் என்று எழுதப் போனேன். என் புருஷன் என்னிடம் சொன்னதற்குப் பெயிண்டரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற நிலைமை எனக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

அச்சில் உன் விருப்பப்படியே வரட்டும். கோபத்தோடாவது எழுது, எழுதாமல் இருந்துவிடாதே. அவர் போன பிறகு என்னை அண்ணி என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உன் அண்ணி


அக்டோபர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? முழங்கால் பரவாயில்லை என்று எழுதியிருந்தீர்கள், பரவாயில்லை என்றால் எவ்வளவு என்று எழுதுங்கள். இங்கே இவர் கைத்தடியைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டார். நொண்டுவதைப் பார்த்து நான் இரக்கப்படுவதை நிறுத்தியதும் கால் சரியாகிவிட்டது.

கொக்கு அச்சு நகலை அனுப்பியிருந்தார், பிழை பார்க்கச் சொல்லி. என் பக்கத்தைப் பத்துத் தடவை படித்திருப்பேன். கடைசி வரி வரும்போதெல்லாம் அதைத் தாண்ட முடியாமல் மறுபடி மேலே போனேன். முதலில் துக்கம் என்று நினைத்தேன். இல்லை. அந்த வரி சரியில்லை.

அண்ணன் வரைந்து முடித்த படத்தை என்றைக்காவது திரும்பிப் பார்த்திருக்கிறானா? ஏரிக்கரை டீக்கடையில் ஒரு தடவை காலையிலிருந்து உட்கார்ந்து வரைந்தான். அவ்வளவு அழகு. முடித்ததும் டீக்கடைக்காரரிடம் நீட்டிவிட்டான். அவர் அதைப் பார்த்தார், நன்றி சொன்னார், ஈரக் கிளாசுகளுக்கு அடியில் விரித்துவிட்டார். நான் அழுது ஊரைக் கூட்டினேன். அவன், "வரைஞ்சாச்சு இல்ல, அப்புறம் அது எதுக்கு? வா, அந்தப் பக்கம் வெயில் வந்துடுச்சு"ன்னு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். யார் பக்கத்தில் நின்றாலும் கொடுத்துவிடுவான். ஒன்றைக்கூட அவன் வைத்துக்கொண்டதில்லை.

நான் உங்கள் வீட்டில் தங்கியபோதும் பார்த்தேன். ஆற்றுச் சுவருக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்துதான் எப்போதும் படுப்பான். நான்தான் அந்தச் சுவரை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்தது நான் இல்லையா?

அப்படிப்பட்டவனை அவன் முடித்துப்போட்ட படங்களுக்கு நடுவில் எட்டு மாதம் படுக்க வைத்து, அதில் அவனுக்குச் சுகம் என்று நான் எழுதியிருக்கிறேன். கூடப் பிறந்தவள் எழுதுகிற எழுத்தா இது? நீங்கள் சொன்னதை நம்புகிறேன் அண்ணி. உங்களை நான் எழுதிய எழுத்துக்கு என்னை இரண்டு அடி அடியுங்கள், ஆனால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லிக் கொக்குக்கு எழுதிவிட்டேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

லீவு கிடைத்துவிட்டது. நவம்பரில் வருகிறேன்.

வருவதற்கு முன் ஒன்று. முதல் கடிதத்தில் கேட்டேன், இரண்டாவதிலும் கேட்டேன். கடைசியில் அவன் என்னைக் கேட்டானா? இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். நேரில் வந்து உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் வாலு


அக்டோபர் 17

அன்புள்ள வாலுக்கு,

நலம். உன் கடிதத்தை மருந்துக்கடையில் வைத்தே படித்தேன். இருமல் மருந்துக்குப் பதில் எறும்பு மருந்தை எடுத்துக் கொடுக்கப் போய், முதலாளி பிடுங்கிக்கொண்டார். நல்லவேளை.

அடி எல்லாம் வேண்டாம். நீ வருகிறாய், அது போதும். உனக்கு அந்த அறைதான். கட்டிலில் புது மெத்தை போட்டிருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில். இல்லை வாலு. அவர் உன்னைக் கேட்கவில்லை. உன் மேல் பிரியம் இல்லாமல் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் கடைசி நாளில் உன் பெயரைச் சொல்லவில்லை. உனக்கு ஆறுதலாக இருக்கும் என்றால் இதையும் சொல்கிறேன், அவர் என்னையும் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதாவது சொல்லுவார், இத்தனை வருஷத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது மந்தம், தவறிவிடக் கூடாது என்று குனிந்து காதை அவர் வாய்ப் பக்கம்கூட வைத்துக்கொண்டேன்.

அன்று சுவரில் நிழல் அசையவில்லை. அதையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை இன்னும் என்ன செய்வது என்று தெரியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு வலிக்கும் என்பதால்தான் எழுதாமல் இருந்தேன், எனக்கும் வலித்தது என்பதாலும்தான்.

வரும்போது கம்பளி எடுத்து வா. காலையில் குளிர்கிறது.

உன் அண்ணி


அக்டோபர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம் எது எது என்று தெரியாமல் இரண்டும் வந்தது. இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், நொண்டாமல்.

அவன் அப்படித்தான் அண்ணி. உங்களையும் என்னையும் அவன் விட்டுவிட்டுப் போன விதம் ஒன்றுதான். நீங்கள் பாறையில் உட்கார்ந்திருந்தீர்கள், நான் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்கு முன் இதற்கு மட்டும் பதில் போடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டானே, நீங்கள் என்ன சொன்னீர்கள்?

உங்கள் வாலு


நவம்பர் 5

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீ கிளம்புவதற்குள் இது வந்து சேர வேண்டும் என்று உடனே எழுதுகிறேன்.

அவர் கேட்டதும் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். காற்றே இல்லை. ஒரு இலைகூட ஆடவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேற்கேருந்து வருது" என்று சொன்னேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. காற்று இல்லை என்று நிழலைப் பார்த்து அவருக்கே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் தெளிந்துவிட்டது. "அப்போ மழை இருக்கு. மாடில துணி கெடந்தா எடுத்துடு" என்றார்.

மாடிக் கொடியில் துணி எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். தலைக்கு மேலே என் காலடிச் சத்தம் கேட்கவில்லை என்றால் கண்டுபிடித்துவிடுவார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, துணி எடுக்கிற மாதிரி நின்று நின்று நடந்தேன். சுள்ளென்று வெயில். எதிரே அவருடைய மலை அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கீழே வந்தபோது போய்விட்டிருந்தார்.

அன்றைக்கு மழை வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

பார்த்து வா. நிலையத்துக்கு நானே வந்து நிற்கிறேன்.

உன் அண்ணி